பதிமூன்றின் நாற்றம்

நான் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. என் பெண்டாட்டி செங்கம்மா முப்பத்தெட்டு வருஷமாக நம்பாமலேயே நன்றாக இருக்கிறாள். ஆனால் எங்கள் பெண் பிரமிளாவின் கல்யாணத்தில் நடந்ததைப் பற்றி நகரி முதல் வடமாலபேட்டை வரை ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு திரிகிறார்கள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்வதைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சங்கீதம் காது வழியாக ஏறாது, மூக்கு வழியாகத்தான் ஏறும். பிறவியிலேயே அப்படி. நாராயணவனத்துப் பஜனைக் கூட்டத்தில் ஆர்மோனியம் வாசிக்க உட்கார்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. ச, க, ப மூன்றையும் சேர்த்து அமுக்கினால் அப்போதுதான் வடித்து இறக்கிய சோற்றின் ஆவி வரும். அதில் க-வை மட்டும் அரைப் படி, அதாவது ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்த கட்டைக்கு, இறக்கினால் மழையில் நனைந்த கோணி. பக்கத்தில் எவனாவது தப்பான கட்டையைத் தொட்டால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடுவேன். கூட்டத்தார் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு எனக்கு மட்டும் சுண்டல் இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டார்கள்.

பிழைப்புக்கு நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீ சிட்டிக்குக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிய பிறகு, சாமி பார்க்காமலேயே திருப்பதியில் அறை எடுத்துத் தங்குகிற ஒரு புது ஜாதி ஜனம் உண்டாயிற்று. கழுத்தில் கயிற்றில் அடையாள அட்டை, மலையைப் பார்த்தால் ஒரு கும்பிடுகூடக் கிடையாது. அவர்களுக்காக ஒரு ஓட்டல் கட்டினார்கள். பெயர் வேண்டாம். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே செயற்கை மல்லிகை வாசனை அடிக்கும் ஒரு டப்பா, நடுவில் ஒரு பியானோ.

அந்தப் பியானோவைச் சென்னையிலிருந்து மதனபள்ளி தக்காளி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தக்காளியைக் கோயம்பேட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகிற காலி லாரி. ஆனால் முழுக்கக் காலியாக இருக்கவில்லை. மூன்றாம் மாதம் பியானோவின் மேல் பலகையைத் திறந்தபோது கம்பிகளுக்கு நடுவே ஒரு தக்காளிச் செடி முளைத்து இரண்டு காயும் ஒரு அழுகல் பழமுமாக நின்றது. பழத்தை நான்தான் என் கையால் எடுத்துப் போட்டேன். அந்தக் கையை இன்றைக்கும் நான் முழு மனதோடு என் கை என்று சொல்ல மாட்டேன்.

பியானோ வாசிக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள். இரண்டு பேர் போனோம். இன்னொருவன் ஏசி பழுதுபார்க்க வந்தவன். வேலை எனக்குக் கிடைத்தது.

மேனேஜர் பெயர் ஹரிபாபு. முப்பது வயதுகூட இருக்காது. பம்பாயில் ஓட்டல் படிப்பு படித்தவன். தலைக்கு எதையோ தடவி நக்கி விட்ட கன்றுக்குட்டி மாதிரி இருப்பான். முதல் நாள் நான் ச-க-ப அமுக்கிச் சோற்று வாசனையை லாபி முழுக்கப் பரப்பினேன். பத்து நிமிஷத்தில் சோபாவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

ஹரிபாபு ஓடி வந்தான். "மாஸ்டரு, அய்யய்யோ! இன்னா வாசிக்கிறீங்க? நீங்க முடிச்சிட்டா கெஸ்ட்டும் முடிச்சிட்டுப் பூடறாங்க. இங்க முடியக்கூடாது. தொங்கணும். தொங்கினாதான் அவுங்க ரெண்டாவது காபி சொல்வாங்க."

"தொங்கணும்னா இன்னா பண்ணணும்?" என்றேன்.

அவன் கை துடைக்கும் காகிதத்தை எடுத்து எண் போட ஆரம்பித்தான். நாலைந்து கட்டையை ஒரே நேரத்தில் சேர்த்து அமுக்கினால் அதற்குக் கார்டு என்று பெயர். ரேஷன் கடையில் நீட்டுவதோடு இதற்குச் சம்பந்தமில்லை. ப-வில் தொடங்குகிற கார்டு ச-வுக்குப் போய்ச் சேரத் துடித்துக்கொண்டே இருக்கும். ப-வை ஒன்று என்று வைத்து எண்ணினால் நி மூன்று, ரி ஐந்து, ம ஏழு. இந்த ஏழுதான் துடிப்பு. அதோடு நிறுத்தினால் நல்ல மனிதன். இவர்கள் நிறுத்துவதில்லை. மேலே எண்ணிக்கொண்டே போய் த-வை ஒன்பது என்கிறார்கள், ச-வைப் பதினொன்று என்கிறார்கள், க-வைப் பதிமூன்று என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளற வேண்டுமாம்.

"எல்லாம் போட்டுடாதீங்க மாஸ்டரு," என்றான் ஹரிபாபு. "அஞ்சு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான், எடுத்துடுங்க. பதினொண்ண மூணு பக்கத்துல உக்கார வெச்சா ரெண்டும் சண்டை போடும், அதையும் எடுத்துடுங்க. லெஃப்ட்ல ப, மேல ம. ரைட்ல நி, க, த. அவ்ளோதான். அமுக்குங்க."

அமுக்கினேன்.

ஏழு மட்டும் இருந்தபோது உறை ஊற்றிய பால் திரியத் தொடங்கும் வாசனை. அது எனக்குப் பழக்கம்தான். ஒன்பது சேர்ந்ததும் மூன்று நாள் மோர். பதிமூன்று சேர்ந்ததும் நான் எழுந்துவிட்டேன். சித்தூர் ரோட்டில் மாம்பழக் கூழ் ஆலைகள் இருக்கின்றன அல்லவா, ஆனி மாதத்தில் அவற்றின் பின்பக்கச் சாக்கடை ஓரமாக நடந்து போயிருக்கிறீர்களா? தோலும் கொட்டையும் வெயிலில் ஊறிப் புழு நெளிய, அதற்கு மேலே ஒரு தித்திப்பு மணம் வரும். வெறும் நாற்றமாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். தித்திக்கிற நாற்றத்தை என்ன செய்வது? தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

"சூப்பர்!" என்றான் ஹரிபாபு, மூக்கே இல்லாதவன்.

பிழைப்பு. வாசித்தேன். மூக்கில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு இரண்டு வருஷம் வாசித்தேன். லாபியில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கோயமுத்தூரிலிருந்து பம்புசெட்டு வியாபாரி ஒருவர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போக வந்தவர், நான் பதிமூன்றில் நிறுத்திவிட்டு லீவில் வீட்டுக்குப் போய்விட்டதால், நாலு நாள் அதே சோபாவில் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை நான் வந்து ச-வை அமுக்கிய பிறகுதான் எழுந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

இதற்கு நடுவில் பிரமிளா ஸ்ரீ சிட்டியில் ஒரு கார் உதிரி பாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கிரண்குமார் என்று ஒரு இன்ஜினியர். தெலுங்குக் குடும்பம், வீடு திருப்பதியில். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு; பிறகு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை, குமட்டும். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் கத்திவிட்டு ஒப்புக்கொண்டோம். ஒரே ஒரு அவசரம்: கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் கம்பெனி கிரணை இரண்டு வருஷத்துக்கு ஜப்பான் அனுப்புகிறது. பிரமிளா ஆறு மாதம் கழித்துத்தான் போக முடியும்.

கல்யாணம் எங்கள் ஓட்டல் மண்டபத்தில்தான். வேலை செய்கிறவன் என்று எனக்குச் சலுகை. ஆனால் அந்த ஏசி மண்டபத்துக்குள் மேளம் அடிக்கக்கூடாது. போன வருஷம் ஒரு தவில்காரர் அடித்த அடியில் மேல் மாடிச் சாப்பாட்டுக் கூடத்தில் தொங்கிய கண்ணாடி விளக்கு நேராக ரசக் குண்டானில் விழுந்து, அன்றைக்கு நூற்றைம்பது பேர் ரசத்தை மென்று தின்றார்கள். அதிலிருந்து கொட்டுக்குப் பதில் பியானோ என்று சட்டம். பெண்ணைப் பெற்றவனே பியானோக்காரன்.

அங்கேதான் சிக்கல் வந்தது. சம்பந்தியம்மா கமலம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியில் ஆடையை விரலால் எடுத்து டம்ளர் விளிம்பில் தடவிவிட்டுச் சொன்னார்.

"அண்ணய்யகாரு, முகூர்த்தம் பத்து நாப்பத்திரெண்டு. சீரகம் பெல்லம் தலையில வெக்கிறதுதான் மாக்கு முகூர்த்தம். அந்த நிமிஷம் மியூசிக்கு கரெக்டா வந்து விழணும். தர்வாத, அதுக்கப்புறம், தாலி எப்போ கட்டினாலும் பரவாலேது."

சீரகத்தையும் வெல்லத்தையும் அரைத்து வெற்றிலையில் வைத்து, நடுவில் திரை பிடித்து, பெண் தலையில் பையனும் பையன் தலையில் பெண்ணும் அப்பிக்கொள்வார்கள். அவர்களுக்குக் கல்யாணம் அந்த நொடியில் ஆகிவிடுகிறது. அன்றைக்குக் காலையில்தான் தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசும்.

கமலம்மா படியிறங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த செங்கம்மா என் பக்கம் திரும்பினாள்.

"தோ பாருய்யா. தாலி என் பொண்ணு கழுத்துல ஏறறதுக்கு முன்னாடி உன் பொட்டி முடிஞ்சா மாதிரி ஒரு சத்தம் உட்டுச்சினு வையி, மேடை ஏறி அவள கையப் புட்ச்சி இட்டுக்கினு நேரா புத்தூர் பஸ் ஏறிடுவேன்."

"சம்பந்தியம்மா கேக்கறாங்களே?"

"எங்கக்காவுக்கு ஆனது உனுக்குத் தெரியாதா? மறந்து பூட்ச்சா?"

மறக்கவில்லை. அவளுடைய அக்கா இந்திராணி கல்யாணத்தில் மேளக்காரர் அவசரப்பட்டு, தாலி முடிச்சு விழுவதற்கு முன்னால் கெட்டிமேளம் கொட்டி முடித்துவிட்டார். பதினைந்தாம் நாள் புருஷன் குவைத்துக்குப் போனான். அங்கிருந்து ஒரு டேப்ரிக்கார்டர் வந்தது. அவன் வரவில்லை. நாற்பது வருஷமாகிறது. இந்திராணி வடமாலபேட்டையில் தனியாக இருந்துகொண்டு எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போய்விடுவாள்.

"இவனும் ஒம்போதாம் நாளு ஏரோபிளான் ஏறறான்," என்றாள் செங்கம்மா. அவள் மிரட்டலுக்கு நான் பயந்ததில்லை. ஆனால் அன்றைக்குப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து பயந்தேன்.

பத்து நாற்பத்திரண்டுக்கு முடிய வேண்டும், முடியவும் கூடாது. நான் ஹரிபாபுவிடம் போனேன். வேறு யாரிடம் போவது?

அவன் சிரித்தான். "மாஸ்டரு, இதுக்குத்தான் டாமினன்ட்டு, அந்தத் துடிக்கிற ப கார்டு. ப-லேர்ந்து ச-வுக்கு வாங்க. இடது கையில பாஸ்ஸ, அதான் அடிக் கட்டைய, தொப்புனு போடுங்க. வீடு வந்துட்ச்சினு அம்மாகாரு நெனச்சிப்பாங்க. ஆனா அந்த ச கார்டுக்குள்ளயே ஒரு சின்ன நி வெச்சிடுங்க, அந்தக் கறுப்புக் கட்டை. வெச்சா அது வீடு இல்ல, பஸ் ஸ்டாண்டு. அங்கேர்ந்து அடுத்த பஸ்ஸு ம-வுக்கு. அங்கயும் ஒரு ஏழு வெச்சா அதுவும் பஸ் ஸ்டாண்டு. இப்டியே போய்க்கினே இருக்கலாம்."

"எவ்ளோ தூரம்?"

"பன்னெண்டு ஸ்டாண்டு. பன்னெண்டாவதுல பஸ்ஸு பொறப்பட்ட ஊருக்கே வந்துடும். மறுபடி சுத்தலாம். மூணும் ஏழும் இருக்கே, அந்த ரெண்டு வெரலு அரை அரைப் படியா சறுக்கினா போதும். பாஸ்ஸு அஞ்சு அஞ்சா எறங்கும்."

வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கார்டும் அடுத்ததன் காலில் விழுகிறது, அடுத்ததோ அதற்கடுத்ததன் காலில். ஒன்றாவது நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன வேண்டுமே? கிடையாது. ஆலைச் சாக்கடை ஒரு இடத்தில் நின்று நாறினால் சுற்றிக்கொண்டு போகலாம். இது சாக்கடை பஸ் ஏறி ஊர் ஊராகப் போவது.

கல்யாண நாள் வந்தது. அவர்கள் வீட்டுப் புரோகிதர் பந்துலு சொன்னபடி நானும் செங்கம்மாவும் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்தோம். மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைத்துப் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவினேன். பையன் இரண்டு நாளாகச் சாக்ஸ் கழற்றவில்லை என்பது என் கணிப்பு. அந்தக் கையைத் துடைப்பதற்குள் பந்துலு என் உள்ளங்கையில் வெற்றிலையைப் பரப்பிச் சீரக வெல்ல உருண்டையை வைத்து, "நேரம் வர வரைக்கும் புடிச்சிக்கினு இருங்கோ" என்றார். ஏசி அன்றைக்கு வேலை செய்யவில்லை. வெல்லம் உருகி மணிக்கட்டு வரை வழிந்தது. பத்து நாற்பதுக்கு உருண்டையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, பால், மஞ்சள், வெல்லம், சீரகம், மாப்பிள்ளையின் கால் எல்லாம் ஒட்டிய அதே கையோடு ஓடிப் போய்ப் பியானோவில் உட்கார்ந்தேன். வேப்பெண்ணெய் தடவ நேரமில்லை.

பத்து நாற்பத்திரண்டு. திரை விலகியது. இரண்டு தலையிலும் அப்பினார்கள். ப-வில் தொங்கிக்கொண்டிருந்த நான் ச-வில் தொப்பென்று விழுந்தேன், சின்ன நி-யை உள்ளே ஒளித்து. சோற்று உருண்டைக்குள் ஊசிய கறித்துண்டை மறைத்து வைத்தது போல இருந்தது. கமலம்மா கண்ணை மூடி, "கோவிந்தா!" என்றார், அவ்வளவு திருப்தி. நான் செங்கம்மாவைப் பார்த்தேன். கழுத்தை நீட்டிக் கேட்டாள். முடியவில்லை என்று தெரிந்ததும் மெல்லத் தலையசைத்தாள்.

இனி தாலித் தட்டு கூட்டத்துக்குள் போய் எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் செய்து திரும்பி வர வேண்டும். பத்து நிமிஷ வேலை. நான் ம-வுக்கு பஸ் ஏறினேன்.

தட்டு சுற்றி வந்தது. பந்துலு எடுத்து நீட்டினார். அப்போது பிரமிளா கேட்டாள், "பெரீம்மா தொட்டாங்களா?"

இந்திராணி மேல் மாடிச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தாள். தட்டை அவளிடம் கொண்டுபோக ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்டபத்தில் அன்று அடித்த நாற்றங்களில் மோசமானது என் பியானோவிலிருந்து வந்ததல்ல.

"பெரீம்மா தொடாத தாலி எனுக்கு வேணாம்," என்றாள் பிரமிளா.

கமலம்மா, "இப்போ இது எதுக்கு?" என்று ஆரம்பிப்பதற்குள் கிரண் எழுந்துவிட்டான். "நேனே வெள்தானு, நான் போய் இட்டுக்கினு வரேன்," என்று தட்டை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனான். தலையிலிருந்து வெல்லம் காது வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஈ பின்னாலேயே போயின.

நான் வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் பன்னிரண்டும் ஆயிற்று. கிரண் மேலே போய் என்ன சொன்னானோ, இந்திராணி என்ன மறுத்தாளோ, கடைசியில் அவளையும் தட்டையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. கரண்டு போயிற்று என்று ஹரிபாபு இன்றைக்கும் சொல்கிறான். நான் ஒரு போக்கிடமில்லாத கார்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு லிஃப்ட் மட்டும் எப்படிப் போய்ச் சேரும்?

லிஃப்ட் என்ன, எதுவுமே சேரவில்லை. முதல் வரிசையில் ஒருவர் தும்ம வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார்; தொண்டைக்குள் காலையில் தின்ற பொங்கல் தெரிந்தது. பந்துலு ஒரு மந்திரத்தைத் தொடங்கி முடிவுக்கு வராமல் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். காபி ஊற்றியவன் டம்ளர் நிரம்பியும் நிறுத்த முடியாமல் ஊற்ற, அது என் செருப்புக்குள் வந்தது. பதிமூன்றின் நாற்றம் அந்த மூடிய மண்டபத்தில் கூரை வரை ஏறி, சுவரில் பூசிய சாயம் வியர்த்து வழிய ஆரம்பித்தது. எனக்குக் கண்ணில் நீர்.

நிறுத்தி ச-க-ப அமுக்கியிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள், லிஃப்டும் இறங்கியிருக்கும். ஆனால் தாலி ஏறவில்லையே. செங்கம்மா எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்தால் அவள் மேடை ஏறுவாள்.

இரண்டாம் சுற்றில்தான் ஒன்றைக் கவனித்தேன். என் இரண்டு விரல்கள் அரைப் படி சறுக்கும்போதெல்லாம் லிஃப்ட் கயிறு "கிர்" என்று ஒரு சத்தம் போட்டது. கார்டுக்கு நாலு விரற்கடை வீதம் இறங்குகிறது. கணக்குப் புரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, வாந்தி வந்தால் விழுங்கிக்கொண்டு, சுற்றினேன். ஸ்டாண்டு ஸ்டாண்டாக. ஒரு கார்டில் ஒன்பதை விட்டுவிட்டேன். லிஃப்ட் இரண்டு விரற்கடை மேலே ஏறிவிட்டது. மறுபடி சேர்த்துப் போட்டேன். மூன்றாம் சுற்றின் கடைசியில் கதவு திறந்தது.

இந்திராணி வெளியே வந்தாள். தாலித் தட்டு அவள் இரண்டு கையிலும் இருந்தது. கிரண் பின்னால் நின்று, "லிஃப்ட்ல என் கை நோவுதுன்னு பெரீம்மாகிட்டக் குடுத்துட்டேன், வேற ஆள் இல்ல," என்றான். முப்பத்தேழு நிமிஷம் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கூட்டத்தில் எல்லாருடைய கையும் சேர்ந்து தொட்டதைவிட அதிக நேரம்.

கிரண் தாலி கட்டினான். மூன்று முடிச்சும் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு நான் ச, க, ப அமுக்கினேன்.

சோற்று ஆவி வரவில்லை. திரிந்த பால்தான் வந்தது.

மறுபடி அமுக்கினேன். அதே. தும்ம வந்தவர் வாய் திறந்தபடியே இருந்தார். குனிந்து பார்த்தேன். சின்ன நி-யின் கறுப்புக் கட்டை கீழே அமுங்கினது அமுங்கினபடி மேலே வரவில்லை. அதன் கம்பி மட்டும் வாய் மூடாமல் கூடவே முனகிக்கொண்டிருந்தது. கமலம்மா எழுந்தார். "ஏமிட்டிதி, இன்னும் முடியலையா?"

செங்கம்மா மேடைப் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள். "நவுருய்யா," என்று என்னைத் தோளால் தள்ளிவிட்டு, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, கறுப்புக் கட்டையின் ஓரத்தில் விட்டு நெம்பினாள். வெல்லம் தோய்ந்த ஒரு சீரகம் வெளியே வந்தது. என் கையிலிருந்து உதிர்ந்தது. கட்டை "டக்" என்று எழுந்தது. முனகல் நின்றது.

"இப்ப போடு," என்றாள்.

போட்டேன். வடித்து இறக்கிய சோறு. முதல் வரிசைக்காரர் தும்மினார். காபி ஊற்றியவன் நிமிர்ந்தான். பந்துலு மந்திரத்தை முடித்து, தண்ணீர் கேட்டார். இந்திராணி அட்சதை எடுத்து முதல் ஆளாகப் போட்டாள்.

கமலம்மா பத்து நாற்பத்திரண்டின் மகிமை என்றார். செங்கம்மா அந்தச் சீரகத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "அது எங்க சீரகம், வதினகாரு," என்று கமலம்மா கை நீட்டினார். "என் ஊசிலதான் வந்துது," என்று செங்கம்மா சொல்லிவிட்டாள். எச்சில் பட்டதோ என்ன பட்டதோ தெரியாத ஒரு சீரகத்துக்கு இரண்டு சம்பந்திகளும் அரை மணி நேரம் மல்லுக்கு நின்றதை நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் கிரண் விமானம் ஏறினான். அந்த ஆறு மாதமும் செங்கம்மா தினம் காலையில் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கட்டுவாள். பிரமிளாவும் போனாள். இரண்டு வருஷம் முடிந்த மறுநாளே இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள், கையில் ஒரு குழந்தையோடு. அவன் ஓடவில்லை. ஓடுவான் என்று பார்த்தால், ஸ்ரீ சிட்டியிலிருந்து ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறான். வரும் வழியில் வடமாலபேட்டையில் நிறுத்தி இந்திராணியையும் கூட்டிக்கொண்டு வருகிறான். அவளுக்கு இப்போதெல்லாம் முதல் இலை. மூன்று வேளையும் தின்கிறான். தின்ற கையைச் சரியாகக் கழுவாமல் என் ஆர்மோனியத்தைத் திறந்து, ஹரிபாபுவிடம் கற்றுக்கொண்டு வந்த பதிமூன்றை அமுக்கிவிட்டு, "எப்டி மாமா?" என்று கேட்கிறான்.

நான் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடுகிறேன்.

"பாத்தீங்களா அத்த," என்கிறான் செங்கம்மாவிடம், "மாமாவுக்கு எவ்ளோ பக்தி!"